மூணு ஃபார்முலா தெரிஞ்சா போதுமா?



போன தேர்வில் 'இயக்கவியல்' பாடத்தில் எனக்கு முழு மதிப்பெண். மூன்று சமன்பாடுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தப் பெருமையோடு வீட்டுக்குப் போனேன். ஐ.டி.ஐ. முடித்து, ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்கு பைக்கில் போய்வரும் என் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டேய், நாற்பதுல போறப்ப பிரேக் அடிச்சா வண்டி கொஞ்ச தூரத்துல நிக்குது. எண்பதுல போனா எவ்ளோ தூரத்துல நிக்கும்?"

"இது ஒரு கணக்காண்ணா? வேகம் டபுள்னா தூரமும் டபுள்" என்றேன்.

"ரோட்டுல அப்படி நிக்க மாட்டேங்குதேடா" என்றார்.

மறுநாள் சாயங்காலம் நானும் நண்பனும் மைதானத்தில் சைக்கிளோடு இறங்கினோம். 10 மீட்டர் அளந்து இரண்டு கோடு போட்டோம். அந்த 10 மீட்டரை 4 வினாடியில் கடந்து, இரண்டாவது கோட்டில் பின் பிரேக் பிடித்தேன். சுமார் ஒன்றரை மீட்டரில் சைக்கிள் நின்றது. அடுத்து அதே தூரத்தை 2 வினாடியில் கடந்து பிரேக் பிடித்தேன். வேகம் இரண்டு மடங்கு. 3 மீட்டரில் நிற்கும் என்று நினைத்தேன். நின்றதோ 6 மீட்டரைத் தாண்டி!

அப்புறம்தான் நோட்டைப் பிரித்தேன். 'வி ஸ்கொயர் ஈக்வல் டு யூ ஸ்கொயர் பிளஸ் டூ ஏ எஸ்.' வண்டி நின்றுவிட்டால் வி பூஜ்ஜியம். அப்படியானால் நிற்கும் தூரம், முதலில் இருந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 2 மடங்கு என்றால் தூரம் 4 மடங்கு. பத்து தடவை எழுதிப் பார்த்த அதே சமன்பாடுதான்!

ரோட்டுக்கு வருவோம். மணிக்கு 36 கி.மீ. என்றால் வினாடிக்கு 10 மீட்டர். பிரேக் ஒவ்வொரு வினாடியும் 5 மீட்டர் வேகத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி 10 மீட்டரில் நிற்கும். 72 கி.மீ. என்றால் 40 மீட்டர்! ஆபத்தைப் பார்த்து கை பிரேக்கைப் பிடிக்க 1 வினாடி ஆனால், அதற்குள் ஓடும் தூரத்தையும் சேர்க்கணும். மொத்தம் 20 மீட்டர், 60 மீட்டர். அதாவது ஒரு கிரிக்கெட் பிட்ச்சில் நிற்க வேண்டிய வண்டி, மூன்று பிட்ச் தாண்டி நிற்கும். நடுவில் ஒரு குழந்தை ரோட்டைக் கடந்தால்?

என் கருத்து இதுதான். இந்தப் பாடத்தை முதலில் மைதானத்தில் படிக்கணும், பிறகு கரும்பலகையில். நம்மில் பலர் வீட்டில் பேசுவது தெலுங்கு, கன்னடம். 'முடுக்கம்' என்றால் முழிக்கிறோம். ஆனால் பைக்கின் 'பிக்கப்' யாருக்குத் தெரியாது? அதுதானே முடுக்கம்! பிரேக் பிடித்தால் எதிர் முடுக்கம்.

"போர்ஷன் முடிக்கவே நேரமில்லை" என்பார்கள். எங்களுக்கு ஆனது ஒரே ஒரு சாயங்காலம். கலிலியோ காலத்தில் வினாடியைச் சரியாகக் காட்டும் கடிகாரம்கூட இல்லை. சாய்த்து வைத்த பலகையில் குண்டை உருட்டிவிட்டு, அதுவரை பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை எடை போட்டு நேரத்தை அளந்தார். நேரம் 2 மடங்கானால் தூரம் 4 மடங்கு என்று கண்டு, 1638-இல் வெளிவந்த புத்தகத்தில் எழுதினார். டைட்டன் வாட்ச் செய்யும் ஓசூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நம்மால் ஒரு சைக்கிளை அளக்க முடியாதா?

படிப்பு முடிந்ததும் நம்மில் பலர் ஓசூர் ரோட்டில்தான் பைக் ஓட்டப் போகிறோம். அங்கே தப்பான விடைக்கு ஒரு மார்க்கோடு போகாது.

கணக்கை அண்ணனிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஷிப்ட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பிவிட்டார்.

ஆசிரியர்களே, எங்களுக்கு மைதானத்தில் ஒரே ஒரு பீரியட் தாருங்கள்!

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவன்,
வேப்பனப்பள்ளி