சாதிக் கட்டத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது?

"உதவித்தொகைப் படிவம் வந்திருக்கு, எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திரிங்க." நம்மில் பலர் கேட்டு வளர்ந்த குரல் இது. அப்படி எழுந்து நின்ற பிள்ளை அடுத்த பாடவேளையில் கணக்கை எப்படிப் போடும்?

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு நெருக்கமான ஒரு கேள்வியை உத்தரப் பிரதேசக் கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களது அறிக்கையை உலக வங்கி 2004இல் வெளியிட்டது. ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேர். பாதிப் பேர் ஆதிக்கச் சாதி, பாதிப் பேர் தலித். ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காத குழுக்களில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வேறு குழுக்களில் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார்கள். அங்கே தலித் சிறுவர்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டது.

இதன் பலம் ஆய்வு வடிவமைப்பில் இருக்கிறது. தேர்வு மதிப்பெண்ணை ஒப்பிட்டால் வீடு, டியூஷன், அப்பாவின் படிப்பு எல்லாம் சேர்ந்தே வரும். எது எதனால் என்று பிரிக்க முடியாது. இங்கே எந்தச் சிறுவன் எந்தக் குழுவுக்குப் போவான் என்பதைத் தற்செயல் முடிவு செய்தது. ஆகவே அந்த வேறுபாடுகள் எல்லாக் குழுக்களிலும் பரவிவிட்டன. மாறியது அறிவிப்பு ஒன்றுதான். 'தகுதி' பேசுகிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் இது.

ஆனால் நம் பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. 'தலித் பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை' என்று இந்த ஆய்வைச் சுருக்கிப் பகிர்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆய்வாளர்களே வேறு திசையில்தான் விளக்கம் தேடினார்கள்: என் சாதி தெரிந்தபின் எனக்கு நியாயமாகக் கூலி தருவார்களா என்ற அவநம்பிக்கை. அது மனக்கோளாறு இல்லை, அனுபவக் கணக்கு.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பகுதி, ஆண் பிள்ளைகள் மட்டும், ஒரே வகைப் புதிர். அமெரிக்காவில் ஸ்டீல், அரோன்சன் இருவரும் 1995இல் கறுப்பின மாணவர்களிடம் தொடங்கிவைத்த ஆய்வு வரிசையும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2018இல் நெதர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம், பெண்களையும் கணக்கையும் வைத்துச் சோதித்தபோது அந்த விளைவு தென்படவில்லை. நமக்குச் சாதகம் என்பதற்காக ஓர் ஆய்வைக் கேள்வி கேட்காமல் தூக்கிப் பிடித்தால், எதிர்த்தரப்பின் ஆய்வுகளை எந்த வாயால் கேள்வி கேட்பது?

நான் உளவியல் முதுகலை ஆய்வுக்காக ஒரு பள்ளியில் நினைவாற்றல் சோதனை நடத்தினேன். முதல் பக்கத்தில் பெயர், வயது, வகுப்பு, அடுத்து 'சமூகம்'. ஒரு மாணவி பேனாவை நிறுத்தி, "அக்கா, இத எழுதியே ஆகணுமா?" என்றாள். பக்கத்திலிருந்தவள் எட்டிப் பார்த்தாள். எழுது என்று சொன்னவள் நான்தான். அந்தக் கட்டம் முதல் பக்கத்தில்தான் வர வேண்டும், அதுதான் வழக்கம் என்றார் வழிகாட்டி, நானும் மறுக்கவில்லை. பிறகு என் அட்டவணையில் வந்த இடைவெளி நினைவாற்றலுடையதா, அந்தக் கட்டத்துடையதா என்று எனக்கே தெரியாது. பட்டம் மட்டும் கிடைத்துவிட்டது.

இப்போது ஆய்வுக்கு வினாத்தாள் அச்சடிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாதி விவரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பாகுபாட்டையே எண்ண முடியாது. பாதித் தாள்களில் அந்தக் கட்டத்தைக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றி, யாருக்கு எந்தத் தாள் என்பதைக் குலுக்கலில் விடுங்கள். இன்று எல்லோரும் முதல் பக்கத்திலேயே நிரப்புகிறார்கள் என்பதால் இதில் யாருக்கும் கூடுதல் தீங்கு இல்லை. முடிவு எப்படி வந்தாலும், இடைவெளியே இல்லை என்று வந்தாலும், அப்படியே வெளியிடுங்கள்.