பெங்களூரு விஞ்ஞானியின் பாடம் பள்ளிபாளையத்துக்கும் வருது... சந்தேகம் கேட்க ஆள் எங்கே?

சேலம்:-

கோடை லீவு விட்டால் போதும். பள்ளிபாளையம், வெண்ணந்தூர் பக்கம் பி.எஸ்சி. படிக்கும் பையன்கள் பலர் அப்பாவுக்கு ஒத்தாசையாக விசைத்தறிக்கு போய்விடுவார்கள். பையில் செல்போன் இருக்கும். அதில் சினிமா பாட்டு ஓடும். அதே போனில் பெரிய விஞ்ஞானிகளின் வகுப்பும் ஓசியில் கிடைக்கிறது என்பது எத்தனை பேருக்கு தெரியும்?

பெங்களூருவில் ஐ.சி.டி.எஸ். என்ற அறிவியல் மையம் உள்ளது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை சேர்ந்த இது 2007-ல் தொடங்கப்பட்டது. இங்கு ஈர்ப்பு அலைகள் பற்றி கோடை பள்ளி நடத்துகிறார்கள். நேரில் உட்கார இடம் கொஞ்சம் பேருக்குத்தான். ஆனால் பாடத்தை அப்படியே வீடியோ எடுத்து யூடியூப்பில் போட்டுவிடுகிறார்கள். சேலத்தில் இருந்து பஸ் ஏற வேண்டாம், ரூம் வாடகை வேண்டாம்.

ஏன் சும்மா கொடுக்கிறார்கள்?

வாத்தியார் எப்படியும் பாடம் நடத்தத்தான் போகிறார். கேமரா செலவு ஒரு தடவைதான். அதை 10 பேர் பார்த்தாலும் 10 ஆயிரம் பேர் பார்த்தாலும் கூடுதல் செலவு பெரிதாக இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை இலவசமாக தரப்போவதாக 2001-ல் அறிவித்தது. நம் ஊர் ஐ.ஐ.டி.க்கள் 2003-ல் என்.பி.டி.இ.எல். திட்டத்தை தொடங்கின. இதில் பாடம் பார்க்க காசு இல்லை. சர்டிபிகேட் வேண்டும் என்றால் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

வீடியோ போதுமா?

போதாது என்பதுதான் உண்மை. பாடம் ஆங்கிலத்தில் வேகமாக ஓடும். ஐ.சி.டி.எஸ். வகுப்பு எம்.எஸ்சி., ஆராய்ச்சி மாணவர்களுக்கானது. பி.எஸ்சி. பையன் நேராக அதில் குதித்தால் தலை சுற்றும். முதலில் என்.பி.டி.இ.எல். அடிப்படை பாடம் பார்ப்பது நல்லது. பள்ளி பிள்ளைகளுக்கு 2019-ல் வந்த கல்வி டி.வி. இருக்கிறது.

இன்னொன்று, வீடியோவிடம் சந்தேகம் கேட்க முடியாது. கருவியை தொட்டுப் பார்க்கவும் முடியாது. இஸ்ரோ 2019-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு 'யுவிகா' பயிற்சி தொடங்கியபோது ஒரு மாநிலத்துக்கு 3 பேரைத்தான் எடுத்தது. அந்த 3 பேருக்கு கிடைத்த அனுபவம் செல்போனில் வராது.

வழி என்ன?

வீடியோவின் வேகத்தை குறைக்கலாம், சப்டைட்டில் போடலாம். படத்தின் தரத்தை குறைத்தால் டேட்டாவும் மிச்சம். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் ஒருவனுக்கு புரியாதது இன்னொருவனுக்கு புரியும்.

அரசு பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. ஊர் ஊருக்கு நூலகம் இருக்கிறது. மே மாதத்தில் வாரம் 2 நாள் அந்த லேபை திறந்து, விவரம் தெரிந்த ஒரு வாத்தியாரை உட்கார வைத்தால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும்.

பாடத்தை விஞ்ஞானிகள் பூட்டி வைக்கவில்லை. லீவில் பூட்டிக் கிடப்பது நம் ஊர் பள்ளிக்கூட கதவுதான்!