அளந்தறிதலே அறிவு

பழையன நினைந்து மகிழ்தல் இத்தகைய மலர்களுக்கு இயல்பு. ஆயினும், இன்றைய மாணவர் கையிலுள்ள ஒரு சிறு கருவியைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

இரு சில்லுகளின்மீது தானே நிமிர்ந்து நிற்கும் வண்டி முதலிய ரோபோக்களைப் பொழுதுபோக்காக அமைக்கும் மாணவர் இன்று பலராயினர். அவ்வண்டிகளுக்கு நம் உட்செவி போன்று உதவுவது எம்.பி.யு.-6050 போன்றதொரு சிப்பு. ஆர்முடுகல்மானி, கைரோஸ்கோப்பு ஆகிய இரண்டும் அதனுள் அடங்கியுள்ளன. மாணவரோ பிறர் எழுதிய நிரலை அப்படியே பெயர்த்திட்டு, வண்டி நின்றால் மகிழ்கின்றனர். விழுந்தால் வேறொரு நிரலைத் தேடுகின்றனர். அக்கருவி தரும் எண்கள் யாது கூறுகின்றன என வினவுவார் அரியர். இது நன்றன்று என்பதே எமது கருத்து.

மேசைமீது அசையாதிருக்கும் ஆர்முடுகல்மானி, அதன் மிகக் குறுகிய வீச்சில், நிலைக்குத்து அச்சிலே ஏறத்தாழ 16,384 எனக் காட்டும். அது புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஒரு மடங்கு. அசையாத பொருளுக்கு ஆர்முடுகல் ஏது? உள்ளேயுள்ள நுண்ணிய திணிவை மேசையின் மேன்முக உதைப்பே தாங்குகின்றது; கருவி அளப்பது அத்தாங்கலையே. தடையின்றி விழும்போது அது பூச்சியத்தை அணுகும். இவ்வொரு வினாவை ஆராய்ந்த மாணவன் நியூற்றனின் விதிகளை மறவான்.

1852ஆம் ஆண்டில் பூக்கோ பெயரிட்ட கைரோஸ்கோப்பிலே சுழலும் சில்லு உண்டு. இச்சிப்பிலோ அதிரும் திணிவொன்றைக் கொறியோலிசு விசை பக்கமாகத் தள்ளுவதைக் கொண்டே கோணவேகம் அறியப்படுகின்றது. அதனைத் தொகையிட்டால் கோணம் கிடைக்கும். ஆனால் ஓய்விலே செக்கனுக்கு 1 பாகை வழு இருப்பின், ஒரு நிமிடத்தில் 60 பாகை பிழைபடும். ஆதலின், முதலில் கருவியை அசையாது வைத்துச் சில நூறு வாசிப்புகளின் சராசரியைக் கண்டு கழித்தல் வேண்டும்.

ஆர்முடுகல்மானி நெடுநேரத்துக்கு நம்பத்தக்கது; எனினும் மோட்டரின் அதிர்வால் கணத்துக்குக் கணம் தடுமாறும். கைரோஸ்கோப்பு கணப்பொழுதில் நேர்மையானது. எனினும் நாட்செல்ல நழுவும். முன்னைய கோணத்தோடு கைரோஸ்கோப்பின் மாற்றத்தைக் கூட்டி அதற்கு 98 பங்கும், ஆர்முடுகல்மானியின் சாய்வுக்கு 2 பங்கும் அளித்துக் கலப்பது வழக்கமானதொரு முறை. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இவ்வெண்களும் வண்டிக்கேற்பச் சோதித்துத் திருத்தற்குரியன.

பரீட்சைச் சுமை மிகுந்த மாணவர்க்கு இதற்கு நேரமேது எனச் சிலர் வினவலாம். விசையும் தொகையீடும் திரிகோணகணிதமும் பரீட்சைக்குரிய பாடங்களே அன்றோ! ஆயத்த நிரல்களை நாம் வெறுக்கவில்லை. அளந்தறிந்த பின்னர் அவற்றைக் கையாள்க என்றே வேண்டுகின்றோம்.

எனவே, பௌதிக ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு மாணவனும் முதலில் அச்சிப்பை ஆறு முகங்களிலும் திருப்பி வைத்து, வாசிப்புகளைத் தன் கொப்பியிற் குறிப்பானாக. எதிரெதிர் முகங்களின் வாசிப்புகளே பூச்சிய வழுவையும் அளவுத்திட்டத்தையும் காட்டிவிடும். வெற்றி பெறும் வண்டிக்குப் பரிசளிக்க முன்வரும் பழைய மாணவர், செவ்விய கொப்பிக்கும் ஒரு பரிசு வைப்பாராக. விழுந்த வண்டியின் காரணத்தைக் கொப்பியிற் காட்டவல்ல மாணவனே கல்லூரிக்குப் பெருமை சேர்ப்பான்.