கரும்பலகையும் கணிப்பொறியும்

“ஐயா, நான் கம்பெனிக்குப் போகட்டுமா, கல்லூரி ஆசிரியர் ஆகட்டுமா?”

முதுகலை இறுதியாண்டு மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் தந்தை தறி நெய்பவர். குடும்பத்தின் முதற்பட்டதாரி அவரே. உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று சொல்லாததை இம்மலரில் எழுதுகிறேன்.

உண்மையை மறைப்பதில் பயனில்லை. அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராவது எளிதன்று. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். நெட் அல்லது செட் தேர்ச்சியோ, விதிகளுக்குட்பட்ட முனைவர் பட்டமோ வேண்டும். அதன் பின்னும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். நானும் ஏழாண்டுகள் கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் காலந்தள்ளியவன்தான். உடன் பயின்ற நண்பர்கள் பெங்களூரில் வீடு வாங்கிய நாளில் நான் வாடகைக்குக் கடன் கேட்டு நின்றேன். ‘கௌரவம்’ மளிகைக் கடையில் செல்லுபடியாவதில்லை!

பின் ஏன் நீடித்தேன்? ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ‘பைனரி சர்ச்’ என்னும் தேடுமுறையை ஆங்கிலத்தில் அழகாக நடத்தி முடித்தேன். கடைசி வரிசை பொம்மைபோல் அமர்ந்திருந்தது. நூலகத்திலிருந்து தமிழ் அகராதி ஒன்றை வரவழைத்து, ஒரு மாணவியிடம் கொடுத்து, ‘நெய்தல்’ என்ற சொல்லைத் தேடச் சொன்னேன். நடுவே பிரித்தார், சொல் முன்னேயா, பின்னேயா என்று பார்த்தார், ஒரு பாதியை ஒதுக்கினார், எஞ்சியதை மீண்டும் நடுவே பிரித்தார். “இதுதானம்மா பாடம். ஆயிரம் பக்கமானாலும் பத்து முறைக்குள் பக்கம் கிடைத்துவிடும்” என்றேன். அந்த முகம் மலர்ந்ததே, அதற்கு ஈடான சம்பளம் எந்தக் கம்பெனியிலும் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இலக்கிய ஆசிரியரின் புலமை ஆண்டுதோறும் கனியும். எங்கள் துறையின் அறிவோ ஆண்டுதோறும் பழையதாகும். நான் பயின்ற பாஸ்கல் இன்று எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. அன்று நான் கேள்விப்படாத பைத்தான் இன்று முதற்பாடம். பழைய குறிப்பேட்டை வைத்தே ஓய்வுபெற நினைப்பவருக்கு இங்கே இடமில்லை.

ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை இன்று வீட்டிலிருந்தே கேட்கலாம். 2022 இறுதியில் வந்த சாட்ஜிபிடி கேட்ட நொடியில் விடை தருகிறது. இனி ஆசிரியர் எதற்கு என்பாரும் உளர். 2020-இல் பெருந்தொற்றால் கல்லூரி மூடிக் கிடந்தபோது நான் கைபேசி வழியே பாடம் நடத்தினேன். பாதிப்பேர் வரவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைபேசி இருந்த வீடுகளை அப்போதுதான் அறிந்தேன். கேட்பவனுக்குக் கருவி விடை சொல்லும். கேட்கவே கூசி ஒடுங்கியிருப்பவனைத் தேடிப் போகாது. அங்கே போக வேண்டியவர் ஆசிரியரே.

ஆகவே, தம்பி, வீட்டுக் கடன் அழுத்தினால் தயங்காமல் கம்பெனிக்குப் போ, அதில் இழிவொன்றுமில்லை. ஆனால் நெட் தேர்வை எழுதித் தேறி வை. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அதில் வயது வரம்பு இல்லை. தொழிலில் கற்றதைச் சுமந்துகொண்டு ஒரு நாள் திரும்பி வா. உன்னைப் போன்ற தறிக்காரர் பிள்ளைகள் கடைசி வரிசையில் காத்திருப்பார்கள்.