பில் இல்லையென்றால் வாங்கவே இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் மாப்பிள்ளை ஒருவர் எழுதியிருந்தார்: "பில் இல்லாம வாங்கிட்டு இப்ப கம்ப்ளெயிண்ட்னு போனா யாரு மதிப்பா? விட்டுட்டு வேற வேலையைப் பாருங்க." அதற்கு ஏழெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தீர்கள். அந்தக் கட்டைவிரல்களுக்குத்தான் இந்தப் பதில்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தங்கை பேத்தி இன்ஜினியரிங் சேர்ந்தபோது, ஜூன் மாதம், பக்கத்து டவுனில் ஒரு கடையில் 46,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினார்கள். 30,000 ஜிபே, மீதி ரொக்கம். கடையில் கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருக்கிறது, கீழே கடை முத்திரை, 'பணம் வரவு' என்று பேனாவில் எழுதியிருக்கிறது. பில் கேட்டதற்கு, "மெயில்ல வந்துடும் அண்ணே" என்றார்களாம். வரவில்லை. நவம்பரில் லேப்டாப் படுத்துவிட்டது. சார்ஜ் ஏறவில்லை, திரை இருண்டுவிட்டது. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு போய்விட்டது, 17,500 ஆகும் என்றார்கள்.

ஒரு வருட வாரண்டிதானே, அஞ்சு மாசம்தானே ஆச்சு என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். சீரியல் நம்பரைத் தட்டினால், வாரண்டி செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது என்று காட்டுகிறது. பெட்டி கம்பெனியை விட்டுக் கிளம்பிய தேதியைக் கணக்கில் வைத்து வாரண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. கடை அலமாரியில் அது தூங்கிய மாதங்களெல்லாம் நம் பிள்ளையின் கணக்கில் கழிந்திருக்கின்றன. இதில் சர்வீஸ் சென்டர் பையனைக் குறை சொல்ல மாட்டேன். "வாங்கின பில்லைக் கொண்டு வாங்க சார், தேதியை மாத்த எழுதி அனுப்புறோம்" என்று மரியாதையாகத்தான் சொன்னான்.

கடைக்கு நானே போனேன். முதலாளி எஸ்டிமேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பில் இல்லையே சார். பில் இல்லாம நாங்க எப்படிப் பொறுப்பேத்துக்க முடியும்?" என்றார்.

இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். பில் கொடுக்க வேண்டியது யார்? அவர். கொடுக்காதது யார்? அவரேதான். இப்போது பில் இல்லை என்பதைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பதும் அவரே. வகுப்பில் நோட்டுத் திருத்தாத வாத்தியார், "உன் நோட்டில் மார்க்கே இல்லை, நீ பாடம் எழுதவில்லை" என்று பையனை அடித்தால் எப்படி இருக்கும்? அதற்குத்தான் நீங்கள் கட்டைவிரல் காட்டியிருக்கிறீர்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் மழுப்பவே இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. விலை கொடுத்துப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் என்கிறது. பில் வைத்திருப்பவர்தான் நுகர்வோர் என்று அதில் எங்கும் இல்லை. அதே சட்டத்தின் 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறைகள் என்று ஒரு பட்டியல் வருகிறது. பொய் விளம்பரம் போன்றவற்றோடு, விற்ற பொருளுக்குப் பில்லோ ரசீதோ கொடுக்காமல் இருப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆக, "பில் இல்லை" என்று அந்த முதலாளி சொன்னதில் பாதி, அவரே கொடுத்த வாக்குமூலம்.

ஜிஎஸ்டி சட்டமும் அப்படித்தான். பதிவு செய்த கடைக்காரர் 200 ரூபாய்க்குக் கீழே உள்ள சில்லறை விற்பனைக்கு வேண்டுமானால், வாங்குகிறவர் கேட்காதபோது, தனி பில் போடாமல் விடலாம். 46,000 ரூபாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. பில் இல்லாமல் விற்றால் குறைந்தது 10,000 ரூபாய் அபராதம். கணக்குப் புத்தகங்களை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதாவது பில்லைத் தொலைத்தவர்களும் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் கையில் இருந்தது ஒரு பிரதிதான். இன்னொன்று கடையில் இருந்தே தீர வேண்டும். இப்போது தரும் பில் பாதி வழவழப்புத் தாளில் வருகிறது, ஆறு மாதத்தில் எழுத்து மறைந்து வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. அதற்கும் நாமா பொறுப்பு?

என்னிடம் படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். எத்தனை பேர், "சார், டிசி தொலைஞ்சு போச்சு", "கரையான் அரிச்சிருச்சு" என்று பத்துப் பதினைந்து வருடம் கழித்து வந்து நின்றிருக்கிறீர்கள். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, தூசி தட்டி, பக்கம் பக்கமாகத் தேடி நகல் எழுதிக் கொடுத்தோமே. "டிசி இல்லையா, அப்ப நீ இங்கே படிக்கவே இல்லை, போ" என்று எந்தத் தலைமையாசிரியராவது சொன்னாரா? ஓலைக்கூரைப் பள்ளிக்கூடத்தில் நடந்த வேலை, கம்ப்யூட்டர் விற்கிற கடையின் கம்ப்யூட்டரில் நடக்காதாம்!

இன்னொரு உறவினர், "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் கூடுமே, அதை மிச்சம் பண்ணத்தானே இப்படி வாங்குறோம்" என்று தனியாகப் போன் செய்து சொன்னார். அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிற அதிகபட்ச விலை எல்லா வரிகளும் சேர்ந்தது. வரியைக் கழித்ததாகச் சொல்லிக் கடைக்காரர் செய்கிற தள்ளுபடி அவருடைய லாபக் கணக்கு. நீங்கள் அந்த ஆயிரம் இரண்டாயிரத்துக்கு விற்பது உங்கள் வாரண்டியை. வரி ஏய்ப்பு என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை, எடுத்தால் பதிவு இன்னும் நீளும்.

ஆதாரம் இல்லை என்றீர்களே, எண்ணிப் பார்ப்போம். கடை முத்திரை போட்ட எஸ்டிமேட் இருக்கிறது. 30,000 போனதற்கு வங்கிக் கணக்கில் தேதி, நேரம், பரிவர்த்தனை எண் எல்லாம் இருக்கிறது. "அண்ணே ஸ்டாக் வந்துடுச்சு, வாங்க" என்று கடைப் பையன் அனுப்பிய வாட்ஸ்அப் இருக்கிறது. பெட்டியில் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கிறது. அந்த எண் எந்த விநியோகஸ்தருக்குப் போனது என்று கம்பெனிக்குத் தெரியும், அங்கிருந்து எந்தக் கடைக்குப் போனது என்று விநியோகஸ்தருக்குத் தெரியும். பில் இருந்திருந்தால் வேலை சுலபம், அதை மறுக்கவில்லை. இல்லாததால் கூடுதலாக நாலு தாள் இணைக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அவர்கள் புகாரை எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். "கேஸ் கோர்ட்டுன்னு அலைய வயசா உங்களுக்கு" என்று கேட்ட என் மைத்துனருக்கு: ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

கடைக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இரண்டே கோரிக்கை. விற்ற தேதியிட்ட பில் வேண்டும், இல்லையென்றால் ரிப்பேர் செலவு 17,500 வேண்டும். 15 நாள் கெடு. அட்டை கையெழுத்தாகி வந்துவிட்டது. நேற்று அந்த முதலாளி போன் செய்து, "சார், நாம நேர்ல பேசிக்கலாமே" என்றார். பில்லோடு வந்தால் பேசலாம் என்றேன். கெடு முடிய இன்னும் 9 நாள் இருக்கிறது. கடை பெயரைக் கேட்டு யாரும் இன்பாக்ஸில் வர வேண்டாம், ஆணையத்தில் மனு எண் கிடைக்கும்வரை சொல்வதாக இல்லை.

என் மாணவர்களில் கடை வைத்திருப்பவர்கள் குறைந்தது பத்துப் பேராவது இதைப் படிப்பீர்கள். உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் எஸ்டிமேட் புத்தகம் இருந்தால், கீழே கருத்துப் பெட்டியில் எனக்கு நியாயம் சொல்லுங்கள். நம் மாப்பிள்ளையும் சொல்லட்டும்.