முற்றத்துக்கு எதற்கு மருந்துப் பம்பு?

விடுமுறையில் வீட்டு முற்றத்தை அழகுபடுத்தக் கிளம்பும் நண்பர்களைப் பார்க்கிறேன். செடி வாங்குமுன்பே களைக்கொல்லிப் போத்தலும் கைப்பம்பும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டங்களிலிருந்து தாமான்களுக்குக் குடிபெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் முதுகில் சுமந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். ஒரு மிடறு உள்ளே போனாலே உயிரைப் பறிக்கக்கூடியது. மாற்று மருந்தும் கிடையாது. 2002இல் நம் நாட்டில் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான். இடைப்பட்ட காலத்தில் அதைச் சுமந்தவர்கள் நம் பாட்டிமார்கள், அம்மாமார்கள். இப்போது கடையில் விற்பது வேறு மருந்துதானே என்பீர்கள். இருக்கட்டும். பத்தடி முற்றத்துக்கு அதுவும் எதற்கு?

தோட்டத்திலிருந்து எடுத்து வரவேண்டியது வேறு. செம்பனைச் சாலையோரங்களில் வெள்ளை, மஞ்சள் பூக்களோடு வரிசையாக நிற்கும் டர்னெரா செடியைக் கவனித்திருப்பீர்கள். காலையில் விரிந்து நண்பகலில் மூடிக்கொள்ளும். அது அழகுக்காக நட்டதன்று. செம்பனை ஓலையைத் தின்னும் 'ஊலாட் புங்குஸ்' புழுவை அழிக்கும் சிறு குளவிகளுக்கு அதன் தேன்தான் உணவு. காசு கொடுக்கவும் வேண்டாம். மண்டோரிடம் கேட்டு ஒரு சாண் தண்டை ஒடித்து வந்து ஈர மண்ணில் ஊன்றினால் வேர்விடும்.

நம் கடலோர மண் களிமண். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் வேர் அழுகிவிடும். ஆகவே முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி நடுங்கள். செம்பருத்தி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

கருவி என்றால் ஒரு மண்வெட்டி, ஒரு கை அரிவாள், தீட்ட ஓர் அரம். அரம் இல்லாத அரிவாளை வாங்கிப் பயனில்லை. எந்த வெட்டுமரத் தொழிலாளியையும் கேட்டுப் பாருங்கள். புல்லை அடியோடு அறுத்து, அதன்மேல் பழைய அட்டைப்பெட்டிகளை விரித்து, காய்ந்த இலையைப் பரப்புங்கள். தோட்டத்தில் வெட்டிய ஓலையை வரிசைக்கு நடுவே அடுக்குவார்களே, அதே வேலைதான். வெளிச்சம் படாத இடத்தில் புல் தலைதூக்காது.

எங்கே அட்டை போடுவது, எங்கே மேடு கட்டுவது என்று குழம்பினால் பாட்டியை ஒரு நாற்காலியில் வெளியே உட்காரவையுங்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அவர் அங்கிருந்தே காட்டிவிடுவார்.