மாலை வாடிய பிறகு

மதுரையில் பெருமாள் மேஸ்திரி வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. ராஜா பெயரிலும் மந்திரி பெயரிலும் தெரு இருப்பது சகஜம். ஒரு மேஸ்திரியின் பெயரில் தெரு வைத்திருக்கும் ஊர்கள் எத்தனை? 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன், மதுரையின் பழைய கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விஸ்தரித்தார். இடித்துத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலமே சொந்தம் என்று ஜனங்களுக்கு ஆசை காட்டினார். அந்த வேலையில் முன்னின்ற மாரட் என்ற அதிகாரியின் பெயரும், பெருமாள் என்ற மேஸ்திரியின் பெயரும் அடுத்தடுத்த வீதிகளாக இன்றும் வாழ்கின்றன. கட்டுகிறவர்களை மறக்காத ஊர் என்று மதுரை பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

இப்போது கட்டடக் கலைஞர்களுக்கு, அதாவது ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு, ஒரு சங்கமே இருக்கிறது. பம்பாயில் சர் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்த மாணவர்கள் 1917-ம் வருஷம் கூடி ஆரம்பித்த சிறு சங்கம் அது. ‘கேட்வே ஆப் இந்தியா’வைக் கட்டினாரே ஜார்ஜ் விட்டெட், அவர்தான் முதல் தலைவர். 1929-ல் அது ‘இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம்’ என்ற பெயரை எடுத்துக் கொண்டது. பிறகு மாகாணம் மாகாணமாகக் கிளை விட்டு, மதுரை வரைக்கும் வந்து சேர்ந்தது.

இப்படிப்பட்ட உள்ளூர்ச் சங்கத்துக்குத் தலைவராக ஒருவர் வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் நாள் மாலை, சால்வை, குரூப் போட்டோ. அடுத்த மாதம் சந்தா பாக்கி. அதற்கடுத்த மாதம், கூட்டத்துக்கு ஆள் வரவில்லையே என்று காரியதரிசியின் கவலை. நடுவில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பிரசங்கம், சிமெண்டுக் கம்பெனியார் தரும் ஒரு விருந்து, நகராட்சி விதிகளைப் பற்றி ஒரு மகஜர். இதற்குள் காலண்டரில் தாள் தீர்ந்துவிடுகிறது! வேறொருவர் கழுத்துக்கு மாலை தயாராகிறது. பழைய தலைவர் வீட்டுக்கு வந்து, மின்விசிறியைச் சுழல விட்டுச் சாய்ந்து கொண்டு, “இத்தனை நாள் என்ன செய்தோம்?” என்று யோசிக்கிறார்.

என்ன செய்திருந்தால் அவருக்குத் திருப்தியாக இருக்கும்? இதுதான் என் கேள்வி.

இலங்கையிலே ஜெப்ரி பாவா என்று ஒரு மேதை இருந்தார். வக்கீலாக ஆரம்பித்து, ஏறக்குறைய நாற்பது வயதில் கட்டடக் கலைஞர் ஆனவர். 1969-ல் அந்த நாட்டுக் கட்டடக் கலைஞர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். அந்த வருஷம் அவர் எத்தனை கூட்டம் நடத்தினார் என்று நம்மில் யாருக்காவது தெரியுமா? ஆனால் அடுத்த சில வருஷங்களில் அவர் நம் மதுரைக்கு வந்து, கோச்சடையில் மதுரா கோட்ஸ் மில்காரர்களுக்காக ஒரு கிளப் கட்டினார். உள்ளூர்க் கருங்கல், செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து வந்த தூண்கள், தெப்பக்குளம் போலப் படி வைத்த நீச்சல் குளம் என்று இந்த மண்ணின் சாமான்களையே கொண்டு கட்டினார். இன்று அது ஒரு ஹோட்டல். பதவி ஒரு வருஷத்தில் போயிற்று. கல் நிற்கிறது.

ஆனால், சங்கம் கட்டடம் கட்டுவதில்லையே! அங்கத்தினர்கள்தான் கட்டுகிறார்கள். சங்கம் ஒரு பழக்கத்தை உண்டாக்கலாம். எந்தப் பழக்கம் என்பதை அதே இலங்கையில் ஒரு பெண்மணி காட்டியிருக்கிறார்.

கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தில் 1948-ல் அங்கத்தினரானவர். ஆசியப் பெண்களில் அந்தப் பெருமையை முதலில் பெற்றவர் அவரே. 1950-களில் கண்டிக்கு அருகே வட்டபுலுவ என்ற இடத்தில் அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு வீடுகள் அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பிளான் போடுவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். குடிவரப்போகிற குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, உங்கள் குடும்பம் எப்படிப்பட்டது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கூட்டம் போட்டும் பேசினார். எவ்வளவு எளிய காரியம்! எவ்வளவு அபூர்வமான காரியம்!

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மேஜை மேல் பிளான் விரிந்திருக்கும். வீட்டுக்காரரும் கட்டடக் கலைஞரும் குனிந்து பார்ப்பார்கள். ஹாலுக்கு எத்தனை அடி, போர்ட்டிகோவுக்கு எந்த டிசைன் என்று சர்ச்சை நடக்கும். காபி டம்ளரோடு வரும் அம்மாள் ஒரு நிமிஷம் நின்று எட்டிப் பார்ப்பாள்.

“ஏங்க, அடுப்படிக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வருது?”

“அதெல்லாம் சார் பார்த்துக்குவார். நீ போய் டிபனைக் கவனி.”

ஆயிற்று. அடுப்படி மேற்கே பார்த்து அமைந்துவிடும். மே மாதத்தில் மதுரை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிறது. பிற்பகலில் சூரியன் இறங்கி மேற்குச் சுவரை நேராகத் தாக்குகிறது. செங்கல் சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக் கொண்டு, இரவுச் சமையல் நேரத்தில் உள்ளே திருப்பித் தருகிறது. ஒரே ஒரு ஜன்னல் வைத்தால் காற்று வராது. எதிர்ச் சுவரில் அது வெளியேற வழி வேண்டும். இதெல்லாம் கட்டடக் கலைஞர்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. அந்த இடத்தில் தினம் ஐந்து மணி நேரம் நிற்கப் போகிறவள் கேட்டிருந்தால், வாஸ்துவும் அழகும் கெடாமலே வழி பிறந்திருக்கும்.

பெண்களின் குரல் இந்தத் தொழிலில் தாமதமாகத்தான் நுழைந்தது. பிரிட்டிஷ் கழகம் தோன்றியது 1834-ல். எதல் சார்ல்ஸ் என்ற முதல் பெண் அங்கத்தினர் சேர்ந்தது 1898-ல். ரூத் ரீட் என்ற முதல் பெண் தலைவர் வந்தது 2009-ல். ஒரு நாற்காலியை எட்டிப் பிடிக்க நூற்றெழுபத்தைந்து வருஷம்! நம் பக்கத்தில் நிலைமை மாறி வருகிறது. திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கட்டடக் கலை சொல்லித் தருகிறார்கள். இந்தப் படிப்புக்குப் பெண்கள் இன்று ஆர்வத்தோடு வருகிறார்கள். நாளைய தலைவி அங்கே டிராயிங் போர்டின் முன் நின்று கொண்டிருக்கலாம்.

அதற்குள் நாமும் சும்மா இருக்க வேண்டாம். ஒரு விஷயம் தெரிந்து கொள்ளுங்கள். 1972-ம் வருஷத்துச் சட்டப்படி, கட்டடக் கலைக் கவுன்சிலில் பதிவு செய்து கொண்டவர்தான் தம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக் கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் பட்டத்துக்குத்தான் காவல், வேலைக்கு அல்ல என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. அதாவது பிளான் போட யாரும் முன்வரலாம். ஆகவே பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பரம்பரை மேஸ்திரியிடம் கொடுத்தாலும் சரி, பட்டதாரியிடம் கொடுத்தாலும் சரி, மேற்குச் சுவருக்கு என்ன நிழல், அடுப்படிக் காற்று எங்கே வெளியேறும், ஈரத் துணி எங்கே காயும், வயதானவர்கள் இரவில் எத்தனை படி இறங்க வேண்டும் என்ற நாலு கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் அஸ்திவாரத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உள்ளூர்ச் சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, வீடு கட்ட நினைக்கும் குடும்பத்துப் பெண்களை அழைத்து உட்கார வைத்து, “உங்களுக்கு என்னம்மா வேண்டும்?” என்று கேளுங்கள். பன்னிரண்டு சனிக்கிழமை கேட்டால் போதும். மாலை வாடி, போட்டோ மங்கிப் போகலாம். ஆனால் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஓர் அடுப்படியில், ஒரு பெண் முகத்து வியர்வையைத் துடைக்காமல் சோறு வடித்துக் கொண்டிருப்பாள். ஒரு வருஷத் தலைமைக்கு அதைவிட நல்ல ஆண்டறிக்கை எது?